பெற்றோலா, பற்றரியா? நாலு காத்தாடியின் நூறு வருசக் கதை

மாரி வந்தா கிரான் இரண்டாப் பிரியும். கிரான் – புலிபாய்ந்தகல் றோட்டுக்கு மேலால வெள்ளம் பாயத் தொடங்கினா, அங்கால போறதுக்குத் தோணியும் படகும்தான். வயல் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம் எண்டு இருக்கிறவங்களுக்கு அந்த நாட்களில ஒரே கேள்விதான்: வரம்பு நிக்குதா, போயிற்றா? போன மாரியில நாங்க நாலைஞ்சு பேர் இதைத்தான் கதைச்சுக்கொண்டிருந்தம். "ஒரு ட்ரோன் இருந்தா அஞ்சு நிமிசத்தில பாத்திரலாம் மச்சான்" எண்டு ஒருத்தன் சொன்னான். வாங்கக் காசில்ல. அப்ப செய்வம் எண்டு முடிவாச்சு.

புல்லு வெட்டுற மெசின் திருத்துற அண்ணன் ஒருவரிட்டப் போய் யோசனை கேட்டம். பற்றரிக் கணக்கைச் சொன்னதும் அவர் சிரிச்சார். "இருபது நிமிசம் பறக்கிறதுக்கு ஒரு மணித்தியாலம் சார்ஜ் போடுறதா? தம்பி, இந்த மெசின்ட டாங்கில ஒரு போத்தல் பெற்றோல்தான் பிடிக்கும். அதை வைச்சு நான் ஒரு வளவையே வெட்டி முடிச்சிருவன். இதில நாலைக் கழட்டிப் பூட்டுங்க, குடும்பிமலைக்குப் போயிற்று வரும்."

அவர் சொன்னதில எங்கயோ பிழை இருக்கு எண்டு எங்களுக்குத் தெரிஞ்சது. எங்க எண்டு சொல்லத் தெரியல்ல. நான் கலைப்பீட ஆள். மோட்டார் பூட்டத் தெரியாது, பழசைக் கிண்டத் தெரியும். இந்தக் கேள்வியை எங்களுக்கு முன்னம் ஆரெல்லாம் கேட்டாங்க, அவங்களுக்கு என்ன நடந்தது எண்டு தேடிப் பார்த்தன். தேடப் போனது ட்ரோனை. கடைசியில வந்து நிண்டது எங்கட வீட்டு விறாந்தையில. அதைத்தான் இங்க எழுதுறன்.

அண்ணனின் கணக்கு சரிதான்

முதல்ல அண்ணனுக்கு நியாயம் செய்வம். கரண்ட் பில்லில வாற 'யூனிற்' கணக்கை எடுங்க. ஒரு கிலோ பெற்றோலுக்குள்ள கிட்டத்தட்ட 12 யூனிற் சக்தி இருக்கு. ட்ரோனுக்குப் பூட்டுற லித்தியம் பொலிமர் பற்றரி ஒரு கிலோவுக்குள்ள, ஒரு யூனிற்றில ஐந்தில் ஒரு பங்குதான். சின்ன ரூ ஸ்ரோக் எஞ்சின் குடிக்கிற பெற்றோலில பெரும்பங்கைச் சூடாகவும் புகையாகவும் வீசிப்போடும். மின்மோட்டார் அப்படியில்ல, வாங்குற சக்தியில பெரும்பங்கைச் சுழற்சியாகத் திருப்பித் தரும். இந்த நட்டத்தையெல்லாம் கழிச்சுப் பார்த்தாலும், பாரத்துக்குப் பாரம் பெற்றோல் பத்து மடங்கு அளவில முன்னுக்கு நிக்குது. இன்னொண்டும் இருக்கு. பறக்கப் பறக்கப் பெற்றோல் டாங்கின் பாரம் குறையும். பற்றரி தீர்ந்த பிறகும் அதே பாரத்தைத்தான் சுமந்துகொண்டு வரவேணும்.

அப்ப கடைக்கு வாற ட்ரோன் எல்லாம் ஏன் பற்றரியில ஓடுது? சக்தி எவ்வளவு இருக்கு எண்டு மட்டும் பார்த்தா இதுக்கு விடை கிடைக்காது. அந்தச் சக்தி சொல்வழி கேக்குமா எண்டும் பார்க்க வேணும். இதைப் படிக்கிறதுக்கு மனிசனுக்கு எண்பது வருசம் பிடிச்சிருக்கு.

1907: நாலு மூலையிலும் நாலு பேர்

நாலு காத்தாடி வைச்ச வானூர்தி புதுசு எண்டுதான் நானும் நினைச்சிருந்தன். உண்மையில் அது ஹெலிகொப்டரின் மூத்த அண்ணன். 1907-ல் பிரான்சில் லூயி பிரெகே, ஜாக் பிரெகே எண்ட சகோதரர்களும் பேராசிரியர் சார்ல்ஸ் ரிஷேயும் சேர்ந்து 'ஜைரோபிளேன்' எண்ட ஒன்றைச் செய்தார்கள். (இந்த ரிஷே, ஒவ்வாமை பற்றிய ஆய்வுக்காக 1913-ல் மருத்துவ நோபல் பரிசு வாங்கினவர்.) நடுவில ஒரே ஒரு பெற்றோல் எஞ்சின், எட்டுச் சிலிண்டர். அதிலிருந்து நாலு மூலைக்கும் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டுகள். நாலு காத்தாடியிலும் சேர்த்து 32 தகடுகள்.

அது எழும்பியது, இரண்டடி அளவுக்கு. ஆனால் நாலு மூலையிலும் நாலு பேர் நின்று பிடித்துக்கொண்டிருந்தார்கள். தூக்குவதற்கு எஞ்சினுக்குப் பலம் இருந்தது. சரியாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் தேவைப்பட்டது. அந்த நாலு பேர் செய்த வேலையைச் செய்ய ஒரு கருவி வரும் வரைக்கும் நாலு காத்தாடிக்கு விமோசனம் இருக்கவில்லை.

பிறகும் ஆட்கள் விட்டுவிடவில்லை. 1922-ல் ரஷ்யாவில் பிறந்த ஜோர்ஜ் டி பொதேசாட் என்பவர் அமெரிக்க இராணுவத்துக்காக நாலு காத்தாடி ஹெலிகொப்டர் ஒன்றைப் பறக்கவிட்டார். 1924 மே 4-ல் பிரான்சில் எத்தியேன் ஓமிஷென் தன்னுடைய நாலு காத்தாடியில் ஒரு கிலோமீற்றர் சுற்றி வந்து இறங்கினார். எடுத்த நேரம் 7 நிமிசம் 40 செக்கன். நடந்து போறவரை விடக் கொஞ்சம்தான் வேகம். ஆனால் அவருடைய இயந்திரத்தில் தூக்குகிற நாலு காத்தாடியோடு, சமநிலைக்கும் திருப்புவதற்கும் தள்ளுவதற்குமாக இன்னும் எட்டுச் சின்னக் காத்தாடிகள் இருந்தன. பன்னிரண்டையும் ஒரே எஞ்சின்தான் சுழற்றியது. ஓட்டுநர் கையாலும் காலாலும் எத்தனையைத்தான் கவனிப்பார்? அமெரிக்க இராணுவமும் பொதேசாட்டின் இயந்திரம் மிகச் சிக்கலானது என்று 1924-ல் கைவிட்டது.

1939-ல் இகோர் சிகோர்ஸ்கியின் வி.எஸ்.300 பறந்தது. மேலே பெரிய காத்தாடி ஒன்று, வாலில் சின்னது ஒன்று. இண்டைக்கும் நாங்க காணுற ஹெலிகொப்டரின் உருவம் அதுதான். அது வெற்றிபெற்ற காரணம் எங்கட கேள்விக்கு முக்கியம். ஹெலிகொப்டரில் எஞ்சின் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஏறுவதும் இறங்குவதும் சரிவதும் தகட்டின் சாய்வை மாற்றுவதால் நடக்கும். அதாவது, சட்டென்று வேகம் மாற்று என்று எஞ்சினிடம் யாரும் கேட்பதில்லை. பெற்றோல் எஞ்சினுக்கு வராத வேலையை அதனிடம் கொடுக்காமல் விட்டதுதான் அந்த வடிவத்தின் கெட்டித்தனம்.

சொல்வழி கேட்கும் மோட்டார்

எங்கட ட்ரோன் இதுக்கு நேரெதிர். அதின் தகடுகள் அசையாது. பிளாஸ்ரிக்கில் அச்சடிச்ச மாதிரி அப்படியே இருக்கும். ட்ரோன் செய்யிற எல்லா வித்தையும் வேகத்தை மாற்றுறதாலதான். இடப்பக்கம் போக வேணும் எண்டா வலப்பக்க மோட்டார்கள் கொஞ்சம் வேகமாகச் சுழலும், இடப்பக்கம் கொஞ்சம் மெதுவாகும். இரண்டு காத்தாடி வலஞ்சுழியாகவும் இரண்டு இடஞ்சுழியாகவும் ஓடும். ஒரு சோடியைக் கூட்டி மற்றதைக் குறைச்சா மூக்கைத் திருப்பும். காத்து ஒருக்காத் தள்ளினாலும் அது கவிழ முன்னம் திருத்த வேணும். உள்ளே இருக்கிற சின்னக் கணினி செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை 'கூட்டு, குறை' எண்டு சொல்லிக்கொண்டே இருக்கும்.

இப்ப புல்லு வெட்டுற மெசினை யோசிச்சுப் பாருங்க. விசையை அழுத்தினதும் என்ன நடக்குது? காபரேற்றர் திறந்து, காத்தும் பெற்றோலும் கலந்து, உள்ளே போய் வெடிச்சு, 'ங்ங்ங்ஙே' எண்டு இழுத்துத்தான் வேகம் எடுக்கும். விட்டாலும் உடனே குறையாது. ட்ரோனுக்கு அந்த ஒரு இழுவை போதும், தலைகீழாகிரும். போதாக்குறைக்கு எஞ்சின் நடுங்குற நடுக்கத்தில சாய்வை அளக்கிற உணரிகளும் குழம்பும். நாலு எஞ்சினும் ஒரே மாதிரி ஓடவும் மாட்டுது. சூடான எஞ்சின் ஒரு மாதிரி, குளிர்ந்தது இன்னொரு மாதிரி.

மின்மோட்டாருக்கு வெடிப்பும் இல்ல, இழுவையும் இல்ல. மின்னோட்டம் மாறின உடன வேகமும் மாறும். 1907-ல் நாலு மூலையில் நின்ற நாலு பேரின் வேலையை இண்டைக்குச் செய்யிறது இந்த மோட்டாரும் அந்தச் சின்னக் கணினியும்தான்.

ஆனால் மின்சாரமும் ஒரே நாளில் பறக்கவில்லை. பொழுதுபோக்காக விமானம் விடுகிறவர்கள் நீண்ட காலம் எஞ்சின் பக்கம்தான் நின்றார்கள். 1947 அளவில் அமெரிக்காவில் ரே ஆர்டன் கொண்டுவந்த 'குளோ பிளக்' எஞ்சின், மெதனோலிலும் ஆமணக்கெண்ணெயிலும் ஓடி, சின்ன விமானங்களை மலிவாக்கியது. 1957 ஜூன் 30-ல் இங்கிலாந்தில் கேணல் டப்ளின் என்பவர் 'ரேடியோ குயீன்' என்ற மாதிரி விமானத்தை மின்மோட்டாரில், வானொலிக் கட்டுப்பாட்டில் பறக்கவிட்டார். 1973 அக்டோபரில் ஒஸ்திரியாவில் ஃபிரெட் மிலிட்கி வடிவமைத்த மின்விமானம் ஒன்று ஆளையே ஏற்றிக்கொண்டு சில நிமிசம் பறந்தது. இவை எல்லாம் நடந்தாலும், நிக்கல் கட்மியம் பற்றரியின் பாரம் எல்லாரையும் கீழே இழுத்தது.

நிலைமை மாறினதுக்குக் காரணம் வானூர்திக்காரர்கள் இல்ல. 1991-ல் சோனி நிறுவனம் லித்தியம் அயன் பற்றரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது வீடியோக் கமராக்களுக்காக. சாய்வை அளக்கும் சின்னச் சில்லுகள் மலிந்தது கைத்தொலைபேசியாலும் விளையாட்டுக் கருவிகளாலும். 1989-ல் ஜப்பானின் கீயென்ஸ் நிறுவனம் 'ஜைரோசோசர்' என்ற நாலு காத்தாடி விளையாட்டுப் பொருளை விற்றது, சில நிமிசம்தான் பறக்கும். 2010 அளவில் ஆர்வலர்கள் நின்டெண்டோ 'வீ' விளையாட்டின் கைப்பிடியை உடைச்சு, உள்ளே இருந்த உணரியைக் கழட்டி, தங்கட ட்ரோனுக்குப் பூட்டினார்கள். 'மல்ரிவீ' எண்ட மென்பொருளின் பேர் அப்படி வந்ததுதான். அதே 2010-ல் பிரான்சின் பரட் நிறுவனத்தின் ஏ.ஆர். ட்ரோன் வந்தது, 2013-ல் சீனாவின் டி.ஜே.ஐ. ஃபாண்டம். அதோட கேள்வி முடிஞ்ச மாதிரி இருந்தது.

வயலுக்குள்ள பெற்றோல் திரும்பி வந்த கதை

முடியவில்லை. பாரம் தூக்க வேணும், கனநேரம் நிக்க வேணும் எண்ட இடத்தில பெற்றோல் திரும்பத் திரும்ப வந்தது. அந்த இடம் எங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச இடம், நெல் வயல்.

ஜப்பானில் கிராமத்துப் பிள்ளைகள் நகரத்துக்குப் போக, வயதானவர்கள்தான் வயலில் மிஞ்சினார்கள். மருந்தடிக்க ஆள் இல்லை. 1987-ல் யமஹா நிறுவனம் ஆர்-50 என்ற ஆளில்லா ஹெலிகொப்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1997-ல் ஆர்-மக்ஸ். அதில் 246 சீசீ ரூ ஸ்ரோக் பெற்றோல் எஞ்சின், அண்ணனின் மெசினுக்குப் பெரியப்பா முறை. அது நாலு காத்தாடி இல்லை, சிகோர்ஸ்கி வழியில் தகட்டைச் சாய்க்கும் ஒற்றைக் காத்தாடி. அதனால்தான் பெற்றோல் அங்கே சரிப்பட்டது. 2015-ல் டி.ஜே.ஐ. எட்டுக் காத்தாடி மின் ட்ரோன் ஒன்றைப் பத்துக் கிலோ மருந்தோடு வயலுக்குள் இறக்கியது. அது கட்டுவதற்கும் ஓட்டுவதற்கும் எளிது. ஆனால் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா பற்றரி மாற்ற வேணும்.

இந்த இரண்டையும் கலந்து பார்த்தவர்களில் தமிழ்நாட்டுக்காரரும் உண்டு. சென்னை குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்தில் உருவான 'தக்‌ஷா' அணியைப் பலருக்கு நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்ததால்தான் தெரியும். 2018-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த போட்டியில் அவர்கள் இரண்டாமிடம் வந்தார்கள். தொலைவில் இருக்கிற ஒருவரிடமிருந்து இரத்த மாதிரியை ஆளில்லா வானூர்தி எடுத்து வரவேணும், அதுதான் போட்டி. அந்தப் பெயரில் வளர்ந்த நிறுவனம் மருந்தடிக்கச் செய்த ட்ரோன்களில் பெற்றோல் கலப்பு வகையும் ஒன்று. அதில் எஞ்சின் காத்தாடியைத் தொடுவதே இல்லை. ஒரே வேகத்தில் ஓடி ஜெனரேற்றரைச் சுழற்றும். வருகிற கரண்டில் மோட்டார்கள் ஓடும். சக்தி பெற்றோலிடம், சமநிலை மோட்டாரிடம். எண்பது வருசம் பட்ட பாடு இந்த ஒரு வரிக்குள்ள அடங்கியிருக்கு.

அப்ப அண்ணன் சொன்னதை இப்படித் திருத்தலாம்: நாலு எஞ்சின் வேண்டாம், ஒரு எஞ்சினும் ஒரு ஜெனரேற்றரும் போதும். ஆனா அது பத்து லீற்றர் மருந்து தூக்கிறவருக்கான ஏற்பாடு. ஒரு சின்னக் கமராவைத் தூக்கி வரம்பு பார்க்க அது தேவையே இல்ல. இன்னொரு விசயமும் இருக்கு. இலங்கையில் ட்ரோனைக் கண்ணுக்குத் தெரியிற தூரத்துக்குள்ளதான் பறக்கவிடலாம். கண்ணுக்குத் தெரியிற தூரம் போய் வர இருபது நிமிசம் தாராளம். குடும்பிமலைக்குப் போயிற்று வாற பெற்றோலை வைச்சு நாங்க என்ன செய்யிற?

எங்கட பெற்றோல், எங்கட பற்றரி

இதுவரைக்கும் உலகத்துக் கதை. எங்கட பக்கத்தில பெற்றோலுக்கும் பற்றரிக்கும் வேற ஒரு வரலாறு இருக்கு.

1990களில் வடக்கில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்கு அரசாங்கம் விதித்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் இருந்தது, பற்றரியும் இருந்தது. இரண்டில் எது நல்லம் எண்டு கேக்கவே முடியாத காலம். யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், ஸ்ராட் பண்ண மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் வானொலி கேட்டார்கள். எஞ்சினும் ஜெனரேற்றரும் சேர்ந்த கலப்பு முறை பற்றி மேலே எழுதினேனே, அதில் எஞ்சினுக்குப் பதில் மனிசக் கால்.

2022-ல் இரண்டும் ஒன்றாகக் கைவிட்டதை நாங்களே கண்டம். மார்ச் 31-ல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, அதுவும் வரிசையில் நின்றால். ஜூலையில் க்யூஆர் அட்டை வந்தபோது அது வாகன இலக்கத்தை வைத்துத்தான் தொடங்கியது. புல்லு வெட்டுற மெசினுக்கு எங்கே நம்பர் பிளேட்?

ஆனா என்னைக் கன நாள் யோசிக்க வைச்சது இது ரெண்டும் இல்ல. அது சத்தம்.

1996-லிருந்து இலங்கை விமானப்படையிடம் இஸ்ரேலில் செய்த வேவு விமானங்கள் இருந்தன. பின்னுக்குத் தள்ளும் காத்தாடி, அதைச் சுழற்றச் சின்ன எஞ்சின். எரிபொருளில் ஓடியபடியால் மணித்தியாலக்கணக்கில் மேலே நிற்கும். தமிழ்ச்சனம் அதுக்கு வைத்த பேர் 'வண்டு'. கண்ணுக்குத் தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். பெற்றோலின் பெருமை எண்டு மேலே சொன்ன அதே குணம்தான், கனநேரம் நிக்கிற குணம், கீழே இருந்தவர்களுக்கு விடிய விடியப் பயமாக இருந்தது. 2007-ல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சனம் இடம்பெயர்ந்து வந்த மாதங்களையும், ஜூலையில் குடும்பிமலையை இராணுவம் பிடித்ததையும் எங்கட வீட்டில் கதைக்கும்போது வருசம் சொல்லமாட்டார்கள். "வண்டு சுத்தின நேரம்" எண்டுதான் சொல்லுவார்கள்.

இரண்டு வருசத்துக்கு முதல் சொந்தத்தில ஒரு கலியாணம். வீடியோக்காரத் தம்பி ட்ரோனை எழுப்பினான். எல்லாரும் மேல பார்த்துக் கை காட்டினம். அம்மம்மா மட்டும் விறாந்தைக்குள்ள போயிற்றா. "வாங்க அம்மம்மா, படம் எடுக்கிறாங்க" எண்டு கூப்பிட்டன். "நீ உள்ள வா மனே, வண்டு வந்தா பின்னால கிபிர் வரும்" எண்டா. பகிடிக்குச் சொல்லல்ல. அது இறங்கும் வரைக்கும் அவ வெளியில வரல்ல.

அது பற்றரி ட்ரோன். அதின் சத்தம் கீச்சென்றது, வேறு மாதிரியானது, இருபது நிமிசத்தில தானே அடங்கும். அப்படியிருந்தும் அவவை உள்ளே அனுப்பிற்று. அண்ணன் சொன்ன மாதிரி நாலு ரூ ஸ்ரோக் எஞ்சினைப் பூட்டி நாங்க எழுப்பினா, கிரானுக்கு மேல கேக்கப் போறது பழைய வண்டின் சொந்தச் சத்தமேதான். இதை எந்த யூனிற் கணக்கிலயும் போட முடியாது, ஆனா எங்கட ஊரில ட்ரோன் செய்யிறவன் போடத்தான் வேணும்.

அரசாங்கத்துக்கும் அதே வானத்தைப் பார்த்துப் பயம் இருந்தது. 2019 ஏப்ரல் 21-ல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்படக் குண்டுகள் வெடிச்ச பிறகு, நாலே நாளில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை ட்ரோன்களைத் தடை செய்தது. பிறகு தடை தளர்ந்தாலும், பதிவும் அனுமதியும் இல்லாமல் பறக்கவிட முடியாது. பெற்றோலானாலும் பற்றரியானாலும் இந்தச் சட்டம் ஒன்றுதான்.

நாங்க எடுத்த முடிவு

பற்றரிதான். நாலு காத்தாடிக்கு அதுதான் பொருந்தும், கண்ணெட்டுற தூரத்துக்கு அது போதும், சத்தமும் குறைவு. அதுக்கும் குறை இருக்கு எண்டு ஒத்துக்கொள்ள வேணும். கொட்டுற மழையில இதை எழுப்பேலாது, மழை விட்ட இடைவெளியிலதான். லித்தியம் பற்றரி குத்துப்பட்டா, ஊதிப்போனா, தீப்பிடிக்கும். சார்ஜ் போட்டுப்போட்டு ஆரும் படுக்கப் போகக்கூடாது. கரண்ட் இல்லாத வெள்ள நாளுக்கு முன்னமே சார்ஜ் ஏத்தி வைக்க வேணும்.

அண்ணனிட்டத் திரும்பிப் போய் இதையெல்லாம் சொன்னம். ஜெனரேற்றர் கதையைக் கேட்டதும் அவருக்குக் கண் வெளிச்சமாயிற்று. "அப்ப அதை நான் கீழ வைச்சுச் செய்து தாறன். வெள்ளத்துக்குக் கரண்ட் போனா உங்கட பற்றரிக்குச் சார்ஜ் ஏத்தலாம்" எண்டார். பழைய எஞ்சின் ஒண்டை இப்பவே கழட்டி வைச்சிருக்கிறார்.

பதிவு, அனுமதி வேலைகள் நடக்குது. ஒரு விசயத்தில மட்டும் நாங்க எல்லாரும் ஒத்துக்கொண்டிருக்கம்: எழுப்புறதுக்கு முதல் நாள் அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் சொல்லுறது. என்ன நேரம், எவ்வளவு நேரம், என்னத்துக்கு எண்டு. முதல் வீடு எங்கட வீடு. அம்மம்மாவுக்கு றிமோட்டைக் கையில குடுத்துக் காட்டுவம் எண்டு நினைச்சிருக்கன். வாங்குவாவோ தெரியாது.